முகமா, முதுகா

எங்கள் ஊரில் தமுக்குக்காரர் எதிரே வந்தால் ஜனங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "முகமா, முதுகா?"

நல்ல சேதி என்றால் முகச்சேதி. அதைத் தமுக்குக்காரர் வீட்டு வாசல்களைப் பார்த்து நின்று சொல்வார். கெட்ட சேதி என்றால் முதுகுச்சேதி. அதற்கு வாசல்களுக்கு முதுகைக் கொடுத்து, காட்டுப் பக்கம் பார்த்து நின்று சொல்வார். வாசலைப் பார்த்துச் சொன்னால் அந்தச் சேதி வீட்டுக்குள் நுழைந்துவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. யார் வகுத்தது என்று தெரியவில்லை. பக்கத்து ஊர்களில் இந்த வழக்கம் கிடையாது.

எங்கள் அப்பா முத்துக்கருப்பன் வடகரைப்பட்டி பஞ்சாயத்து போர்டுக்குத் தமுக்கு அடித்தவர். இந்த மாசியில் இறந்துபோனார்.

வடகரைப்பட்டி கோம்பையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் வழியில் இருக்கிறது. நெல், தென்னை, கொஞ்சம் சோளம். போர்டு என்றால் ஓட்டுக் கட்டடம் ஒன்று, பிரசிடெண்டு ஒருவர், குமாஸ்தா ஒருவர், தெரு விளக்குகள், ஒரு சந்தை, அப்பா. போர்டு எதைத் தீர்மானித்தாலும் அது அப்பாவின் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

வருஷம் எப்படிப் போகிறது என்பதை அவர் சொல்லும் சேதிகளை வைத்தே அறிந்துகொள்ளலாம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வண்டி கட்டுகிறவர்களுக்கு எந்தப் பாதை நல்லது என்ற சேதி. அதோடு அம்மை குத்துகிறவர் வரும் நாள். ஆனியில் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் வருகிறது, மாடு கன்றுகளைக் கரையேற்றிக் கொள்ளுங்கள் என்ற சேதி. அதுதான் வருஷத்திலேயே பெரிய முகச்சேதி. அன்றைக்கு அப்பாவுக்கு ஒவ்வொரு வாசலிலும் மோர் கிடைக்கும். ஐப்பசியில் கிணறுகளுக்குச் சிவப்பு மருந்து போடுவார்கள். தண்ணீர் நிறம் மாறினால் பயப்பட வேண்டாம் என்று சொல்லிப் போவார். பனி இறங்கிய பிறகு பெரும்பாலும் முதுகுச்சேதிதான். அது பிளேக் காலம்.

ஒரு வருஷம் போர்டு தெரு நாய்களைப் பிடிக்க ஆள் வைத்தது. வளர்ப்பு நாய்களைக் கட்டிப் போடச் சொல்லி அப்பா தமுக்கு அடித்தார். கோம்பை நாய் வைத்திருந்த சம்சாரி ஒருவர் தோட்டத்து வேலியில் சாய்ந்துகொண்டு, "முத்துக்கருப்பா, எனக்குச் சொல்லி என்னத்துக்கு? அது என் பேச்சைக் கேக்காது. நீயே உள்ள வந்து அதுகிட்டச் சொல்லிட்டுப் போ" என்றாராம். அப்பா இரண்டு அடி உள்ளே வைத்தார், நாய் எழுந்து நின்றது. "அதுக்கு வெளங்கிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள். அப்பா இதை அவளுக்காகவே பலமுறை சொன்னார்.

அம்மாவின் பெயர் இருளம்மாள். அவளுக்குக் காது மந்தம். பிறவிக் குறை அல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் மலைக்காய்ச்சல் வராத வீடு இல்லை. அம்மாவுக்கு அது வருஷம் தவறாமல் வந்தது. கொயினா மாத்திரையைத் தின்று தின்று காய்ச்சல் நின்றது, காதும் போனது. முழுக்கப் போகவில்லை. பேச்சு கேட்கும், சொல் விளங்காது. எதிரே நின்று உதட்டைக் காட்டிப் பேசினால் எல்லாம் விளங்கும்.

அதனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வீட்டில் எதையாவது சொல்ல வேண்டுமானால் முதலில் வெளிச்சத்துக்குப் போவார். பகலில் வாசல் நிலைப் பக்கம், அந்தியில் அடுப்புக்கு எதிரே. முகத்தில் வெளிச்சம் விழுந்த பிறகுதான் வாயைத் திறப்பார். முதுகுச்சேதி இருக்கும் நாட்களில், தமுக்கை எடுப்பதற்கு முன்பே அம்மாவை எதிரில் உட்கார வைத்து, சேதியை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். என் அத்தை மூக்கம்மாள் இதற்காக அவரைக் கடிந்துகொள்வாள். கெட்ட சேதியை வீட்டுக்குள் வைத்துச் சொல்லலாமா என்பாள். "சேதி என் வீட்டுக்குள்ள வந்துட்டுத்தானே ஊருக்குப் போகுது" என்பார் அப்பா.

அவர் சொல்லாமல் கிளம்பியது ஒரே ஒரு நாள்.

அந்த வருஷம் கார்த்திகையிலேயே எலி விழ ஆரம்பித்துவிட்டது. கூரையிலிருந்தும் குதிருக்கு அடியிலிருந்தும் எலி செத்து விழுந்தால் பிளேக் ஊருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். எலி செத்ததும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி மனிதர் மேல் ஏறும். போர்டு ஊரைக் காலி செய்யச் சொன்னது. அப்பா தெருத்தெருவாக முதுகைக் கொடுத்து நின்று சொல்லி முடித்தார். ஊர் முழுக்க வயல் வெளிக்குப் போய் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கியது. ஆற்றுக்கு இக்கரையில் பாதி ஊர், அக்கரையில் பாதி ஊர். ஊசி போடுகிறவர்கள் வந்தார்கள். சிலர் போட்டுக்கொண்டார்கள், பலர் தென்னந்தோப்புக்குள் ஓடினார்கள். நான் அப்போது மதுரையில் தொழிற்பள்ளி விடுதியில் இருந்தேன். ஊருக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மற்றதெல்லாம் அத்தை சொல்லித் தெரிந்தவை. அவளுடைய கொட்டகை எங்கள் கொட்டகைக்கு அடுத்தது.

தை பிறந்ததும் எலி விழுவது குறைந்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கீழத்தெருவும் நடுத்தெருவும் சுத்தம், மேலத்தெருவில் மட்டும் இன்னும் எலி விழுகிறது என்றார். மேலத்தெருவை விட்டு மற்றவர்கள் திரும்பலாம் என்று போர்டு முடிவு செய்தது.

எங்கள் வீடு மேலத்தெருவின் கடைசியில் இருந்தது.

போர்டு ஆபீஸிலிருந்து அப்பா நேராகக் கொட்டகைகளுக்கு வந்தார். ஜனங்கள் ஏற்கெனவே வரப்பில் கூடிவிட்டார்கள். வயல் கொட்டகையில் மாதக்கணக்கில் குளிரில் கிடந்தவர்கள். அவர் வருவதைப் பார்த்ததும், "முகமா, முதுகா?" என்று சத்தம் போட்டார்கள். அப்பா, "ரெண்டும்" என்றார்.

அப்படி ஒரு சேதி அதற்கு முன்பு வந்ததில்லை. அவர் வழக்கப்படி செய்தார். கொட்டகைகளைப் பார்த்து நின்று தமுக்கைத் தட்டினார்.

"ஊர்ச் சனமே, கேட்டுக்கங்க. எலி நின்னுருச்சு. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பலாம்."

அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார். கொட்டகைகளுக்கு முதுகைக் கொடுத்து, மலைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"மேலத்தெருக்காரவுக மட்டும் போகப்படாது. அங்கன இன்னும் விழுகுது."

அம்மா கொட்டகை வாசலில் நின்று முதல் பாதியைப் பார்த்தாள்.

இதை என்னால் இப்போது என் ரேடியோத் தொழிலை வைத்து விளக்க முடியும். பேச்சில் இரண்டு வகை ஓசை இருக்கிறது. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்தது. அது எல்லாத் திசையிலும் பரவும். சகரம், டகரம், தகரம் போன்றவற்றின் ஓசை உயர்ந்தது; வாய் பார்க்கும் திசையில்தான் அது முழுதாகப் போகும். பேசுகிறவன் திரும்பி நின்றால் முதலில் மங்குவது அது. கொயினா காதிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வதும் அதைத்தான். அப்பா திரும்பியதும் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போல ஓர் ஓசை. அவ்வளவுதான். அவளுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. திரும்பலாம் என்று அவர் உதடு சொன்னதை அவள் பார்த்துவிட்டாள்.

அப்பா அங்கே நிற்காமல் அக்கரைக் கொட்டகைகளுக்குச் சொல்ல ஆற்றில் இறங்கிவிட்டார். "வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்று பின்னால் ஒருமுறை அத்தையிடம் சொன்னார். அவர் இல்லாமல் அம்மா ஊருக்குள் போகமாட்டாள் என்று நினைத்திருக்கிறார். அம்மா நினைத்தது வேறு. அவர் அக்கரையிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைக் கூட்டி, சாணி மெழுகி, அடுப்பைப் பற்றவைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். இத்தனை நாள் வயலில் கிடந்த மனிதருக்கு வீட்டில் சோறு போட வேண்டும் என்று நினைத்தாள். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தாள். கீழத்தெரு, நடுத்தெரு ஜனங்கள் பானை சட்டியோடு கிளம்பிய கூட்டத்தில் அம்மாவும் நடந்தாள். அவளை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. மேலத்தெரு முனையில், யாரும் நுழையக்கூடாது என்பதற்கு அடையாளமாக, வேப்பங்குழை கட்டியிருந்தது. பழைய குழை, அவிழ்க்க மறந்துவிட்டார்கள் என்று எண்ணியிருப்பாள்.

பொழுது சாய அப்பா திரும்பி வந்து பார்த்தபோது கொட்டகை காலியாக இருந்தது. அத்தை அழுதுகொண்டு எதிரே ஓடி வந்தாள். அப்பா தமுக்கைக் கழற்றாமலே ஊருக்குள் ஓடினாராம். அது தொடையில் இடித்து இடித்து ஓசை எழுப்ப, வழியில் இருந்தவர்கள் என்ன சேதியோ என்று வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள்.

வீடு மெழுகி முடிந்திருந்தது. தரை இன்னும் ஈரம். செத்த எலிகளை ஓட்டைச் சட்டியில் வாரி வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் வெளிச்சம் இருந்ததா என்று தெரியவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டிருக்கிறார். பின்னாலேயே ஓடிவந்த அத்தையின் காதில் விழுந்தது அம்மாவின் பதில் மட்டும்.

"நீங்கதானே போகலாம்னு சொன்னீக."

நான்கைந்து நாளில் காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. அவளைத் தனிக் கொட்டகையில் வைத்தார்கள். யாரும் போகக்கூடாது என்றார்கள். அப்பா போனார். எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் பஸ் பிடித்துத் தேனியில் இறங்கி, அங்கிருந்து வண்டி மாறி வந்து சேர்ந்தபோது அந்தக் கொட்டகையைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். வயலில் ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நன்றாக வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டார். பேசுவதற்காக. எனக்குக் காது கேட்கும் என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது.

அடுத்த வருஷமும் கார்த்திகை வந்தது. நடுத்தெருவில் ஒரு வீட்டில் எலி விழுந்தது. ஊரைக் காலி செய்யச் சொல்லிப் போர்டு அப்பாவை அனுப்பியது. அவர் நடுத்தெருவின் முதல் வீட்டுக்குப் போனார். சங்கிலியம்மாள் வீடு. நான்கு ஏர் வைத்திருந்த பெரிய சம்சாரி வீடு. வாசலுக்கு நேராக நின்று, நிலைக்குள் முகத்தைக் காட்டி, தமுக்கைத் தட்டி, எலி விழுந்த சேதியைச் சொன்னார்.

சங்கிலியம்மாள் கையிலிருந்த சாணித் தண்ணீரை அவர் மேல் வீசினாள்.

"ஏலே முத்துக்கருப்பா, உன் வீட்டு எழவ என் வீட்டுக்குள்ள விடப் பாக்குறியா?"

"வீட்டுக்குள்ள விட வரல தாயி. உங்க காதுல விட வந்தேன்."

அவள் கதவை அறைந்து சாத்தினாள். அப்பா அடுத்த வாசலுக்குப் போனார். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒன்றன் பின் ஒன்றாகக் கதவுகள் மூடிக்கொண்டன. சாத்திக் கிடந்த கதவுகளைப் பார்த்தும் அவர் சொல்லி முடித்தார்.

பொழுது இறங்குவதற்குள் பிரசிடெண்டு வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பிரசிடெண்டு கெட்ட மனிதர் அல்ல. அம்மா இறந்தபோது நெல் அனுப்பியவர். அவர் அப்பாவை அழைத்து, இருந்த துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது, இனிமேல் வழக்கப்படி செய்கிறேன் என்று கூட்டத்தின் முன் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். அப்பா சொல்லவில்லை. பெரியவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். ஒருவர் பயமுறுத்தினார், ஒருவர் கெஞ்சினார். கடைசியில் அப்பா சொன்னது இதுதான்.

"காது மந்தமானவுக இந்த ஊர்ல இன்னமும் இருக்காக. நான் திரும்பி நின்னு சொன்னா அவுகளுக்கு யாரு சொல்லுறது?"

கூட்டத்தில் யாரோ, "அவுகவுக வீட்டு ஆளுக சொல்லிக்குவாக" என்றார்கள்.

"என் வீட்டு ஆளு நான்தான்" என்றார் அப்பா.

அவரிடமிருந்து தமுக்கை வாங்கிவிட்டார்கள். சுருளியாண்டி என்பவரிடம் கொடுத்தார்கள். இளவயசு, நல்ல குரல். அவர் வழக்கப்படி முதுகைக் கொடுத்துச் சொன்னார். பிரசிடெண்டு அப்பாவை அடியோடு வெளியே அனுப்ப மனமில்லாமல் தெரு விளக்கு ஏற்றும் வேலையில் போட்டார்.

விளக்கு வேலை அந்தியில் தொடங்கும். ஏணி, எண்ணெய் டின், துடைக்கத் துணி. நான் லீவில் ஊருக்கு வரும்போது அவரோடு நடந்திருக்கிறேன். சில விளக்குகளின் கீழே அவர் ஏற்றி முடித்த பிறகும் நிற்பார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு கவனித்தேன். காது மந்தமானவர்கள் இருந்த வீடுகளின் எதிரே உள்ள விளக்குகள் அவை. கொயினா தின்றவர்கள் எங்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். அன்றைக்குச் சுருளியாண்டி ஏதாவது முதுகுச்சேதி சொல்லியிருந்தால், அப்பா விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, தமுக்கு இல்லாமல், குரலையும் உயர்த்தாமல், உதட்டை மட்டும் திறந்து மூடி அந்தச் சேதியைச் சொல்வார். ஆற்றில் வெள்ளம், இறங்க வேண்டாம். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் வாந்திபேதி, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கிழவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். போர்டுக்கு இது தெரியும். யாரும் தடுக்கவில்லை. உத்தரவும் போடவில்லை.

சங்கிலியம்மாள் வீட்டுக்கு எதிரிலும் ஒரு விளக்கு உண்டு. பல வருஷம் அப்பா அதை ஏற்றிவிட்டு உடனே நகர்ந்துவிடுவார். பிறகு அவளுக்கும் மலைக்காய்ச்சல் அடுத்தடுத்து வந்தது. ஒரு மழைக்காலத்தில், சுருளியாண்டி தெருமுனையில் தமுக்கு அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அது தெரியாமல் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்துக்கொண்டிருந்ததை அப்பா பார்த்திருக்கிறார். அன்று அந்தியிலிருந்து அந்த விளக்கின் கீழும் நின்றார். முதல் தடவை அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த தடவை கதவை ஒருக்களித்து வைத்துப் பார்த்தாள். கடைசி வருஷங்களில் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அவளே வந்து நிலையருகே நிற்பாள். நாலு அடி தள்ளி நின்று வாயைப் பார்ப்பாள். இருவரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

நான் சண்டையின்போது பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தேன். திரும்பி வந்து தேனிக் கடைவீதியில் ரேடியோ பழுது பார்க்கும் கடை போட்டேன். போன வருஷம் போர்டுக்காக ஒரு மைக் செட் கொண்டுபோய் வைத்துக் காட்டினேன். ஆபீஸ் கூரையில் குழாயைக் கட்டி, பாட்டரி கொடுத்து, பிரசிடெண்டைப் பேசச் சொன்னேன். பழைய பிரசிடெண்டின் மகன். பேச்சு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. ஜனங்கள் கூடி நின்று சிரித்தார்கள். இனி முகமும் இல்லை முதுகும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். அப்பா குழாயை வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தார். அருகே வந்து, "இதுல உதடு தெரியுமாப்பா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார். போர்டு அந்த செட்டை வாங்க விரும்பியது. நான் ஏதோ காரணம் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

மாசியில் அவருக்குச் சளி கட்டி மார்பு அடைத்தது. நான் தேனிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். விளக்கை யார் ஏற்றுவது என்றார். விடிகாலையில் மூச்சு நின்றது. அத்தை அழத் தொடங்கினாள்.

கேதச் சேதி சொல்ல வேண்டும். சுருளியாண்டி தமுக்கோடு வந்தார். அப்பாவிடமிருந்து வாங்கின அதே தமுக்கு. தோல் மட்டும் புதிது. அப்பாவின் காலடியில் விழுந்து எழுந்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். சாவு எப்போதும் முதுகுச்சேதிதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"அண்ணே, முகமா, முதுகா?"

நான் முகம் என்றேன்.

ஊர் ஏசும் என்றார். அவர் தமுக்கின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கினார். நானும் நடுத்தெரு முனை வரை கூடப் போனேன்.

அவர் சங்கிலியம்மாள் வீட்டு வாசலுக்கு நேராக நின்று தமுக்கைத் தட்டினார். பக்கத்து வீடுகளில் ஜனங்கள் வெளியே வந்தார்கள். அவர் நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, நல்ல சேதியை எதிர்பார்த்து நின்றார்கள். சங்கிலியம்மாள் வரவில்லை, அவளுக்குக் கேட்டிருக்காது. சுருளியாண்டி படியேறி நிலையைத் தட்டினார். அவள் வந்து அவர் வாயைப் பார்த்தாள்.

"வெளக்கு ஏத்துற முத்துக்கருப்பன் காலமாயிட்டாக" என்றார் சுருளியாண்டி.

அக்கம்பக்கத்தில் இரண்டு கதவுகள் சாத்தும் ஓசை கேட்டது. சங்கிலியம்மாள் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். மறுபடி அவர் வாயைப் பார்த்தாள்.

"இன்னொருக்கச் சொல்லு."

அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டைத் திறந்து மூடி, இன்னொரு தடவை சொன்னார். அவள் கதவைச் சாத்தவில்லை. வீட்டுக்குள் வருகிறவருக்கு வழிவிடுகிற மாதிரி நிலையை விட்டு ஒதுங்கி நின்றாள்.